கொள்வது, கூறுவது, நிறுவுவது: அடிப்படைகளைப் பேசும் தமிழ்ச் சொற்கள்

ஒரு துறையைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் தமிழ்க் கட்டுரைகளில் 'அடிப்படைக் கோட்பாடுகள்' என்ற தொடர் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. அடுத்த பத்தியில் அதே பொருளைச் சுட்ட 'அடிப்படைத் தத்துவங்கள்' என்று எழுதப்படுகிறது. இன்னும் சற்றுத் தள்ளி அவையே 'விதிகள்' ஆகின்றன, பிறகு 'கொள்கைகள்' ஆகின்றன. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும் என்று எண்ணி எழுதுபவர் இப்படி மாற்றிப் போடுகிறார். படிப்பவரோ நான்கு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் படிப்பதாக எண்ணிக் குழம்புகிறார், அல்லது நான்கும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார். இரண்டாவதுதான் பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன். ஏனெனில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும், தான் சுட்டும் கூற்றை நாம் எந்த நிலையில் நின்று ஏற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு சொல் 'இதை ஏற்றுக்கொண்டு மேலே செல்' என்கிறது. இன்னொன்று 'இதற்குச் சான்று இருக்கிறது, கேள்' என்கிறது. மற்றொன்று 'இயற்கை இப்படி நடந்துகொள்கிறது, நீ பார்த்துக்கொள்ளலாம்' என்கிறது. சொல்லை மாற்றினால் கூற்றின் தகுதியும் மாறிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்றைத் தேர்வு வினாத்தாள்களே நமக்குக் கொடுத்திருக்கின்றன. நியூட்டனின் இரண்டாம் விதியைக் 'கூறுக' என்றுதான் கேட்பார்கள். பிதாகரஸ் தேற்றத்தை 'நிறுவுக' என்பார்கள். அடர்த்தியை 'வரையறு' என்பார்கள். அணுக்கொள்கையை 'விளக்குக' என்பார்கள். இந்த வினைச்சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். 'அடர்த்தியை நிறுவுக' என்றால் பொருளே இல்லை. 'தேற்றத்தை வரையறு' என்றால் தேற்றம் என்ற கருத்தை வரையறுப்பதாகுமே தவிர, அந்தத் தேற்றத்துக்கு எதுவும் செய்ததாகாது. ஒரு கூற்றுக்கு எந்தப் பெயர்ச்சொல் பொருந்தும் என்று ஐயம் வரும்போது, அதன்மேல் எந்த வினை இயல்பாக அமர்கிறது என்று சோதித்துப் பார்ப்பது அகராதியைப் புரட்டுவதைவிட விரைவாக விடை தருகிறது. நான் எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் இந்தச் சோதனையையே முதலில் நாடுகிறேன்.

இனி சொற்களுக்கு வருவோம். 'அடிப்படை' என்பதே இவற்றுள் மிகப் பொதுவானது, மிகவும் தேய்ந்ததும் அதுதான். 'படை' என்ற சொல்லுக்கு அடுக்கு என்ற பொருளும் உண்டு. இலங்கைத் தமிழில் 'ஓசோன் படை' என்னும்போது அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. எனவே 'அடிப்படை' என்றவுடன் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் அடுக்கு ஒன்று மனத்தில் தோன்ற வேண்டும். ஆனால் 'போர்க்கால அடிப்படையில்', 'மனிதாபிமான அடிப்படையில்', 'இதன் அடிப்படையில்' என்று செய்தித் தமிழ் அச்சொல்லை ஒரு வேற்றுமை உருபைப் போலப் பயன்படுத்திப் பயன்படுத்தி, கீழடுக்கு என்ற உருவத்தை அழித்துவிட்டது. 'அடித்தளம்', 'அத்திவாரம்', 'கடைக்கால்' ஆகியவை அதே கட்டட உருவகத்திலிருந்து வந்தவைதாம் என்றாலும், குறைவாகப் புழங்குவதால் அவற்றில் அந்த உருவம் இன்னும் தெளிவாக இருக்கிறது. கட்டட உருவகம் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: அடியில் இருப்பதை எடுத்துவிட்டால் மேலே இருப்பது விழும். ஆகவே ஒரு துறையில் ஒரு கூற்றை நீக்கினால் மற்றவை சரியும் என்ற உறவு இருக்கும் இடத்தில் மட்டுமே இச்சொற்களைப் பயன்படுத்துவது முறை. முக்கியமானது எதையும் அடிப்படை என்று சொல்லிவிட முடியாது.

முக்கியத்துவத்தைச் சொல்வதற்குத் தமிழில் வேறு உருவகங்கள் இருக்கின்றன. 'அச்சாணி' என்பது அளவில் சிறியது, ஆனால் அது கழன்றால் தேர் ஓடாது. உருள்கின்ற பெருந்தேருக்கு அச்சாணி போன்றவர்களை உருவத்தின் சிறுமை கண்டு இகழக்கூடாது என்று குறள் சொல்வது இந்த அளவு வேறுபாட்டை வைத்துத்தான். 'உயிர்நாடி' என்பது துடித்துக்கொண்டே இருப்பது, தொடர்ந்த இயக்கத்தைக் குறிப்பது. 'ஆணிவேர்' என்பது நிலைநிறுத்துவதோடு உணவையும் ஏற்றித் தருவது. 'அடிநாதம்' என்பது ஒரு படைப்பு முழுவதிலும் மற்ற ஒலிகளுக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருப்பது. கதைக்கும் கவிதைக்கும் பொருந்தும் இச்சொல், வேதியியலுக்கு அடிநாதம் என்று எழுதும்போது ஒட்டாமல் நிற்கும்.

அடிப்படை என்பதோடு அடிக்கடி கலந்துவிடும் இன்னொரு சொற்குடும்பம் எழுத்தறிவிலிருந்து வந்தது: 'அரிச்சுவடி', 'அரிவரி', 'ஆனா ஆவன்னா', 'பாலபாடம்'. 'அரி' என்ற வாழ்த்தோடு தொடங்கும் ஏடு என்பதால் அரிச்சுவடி என்ற பெயர் வந்தது. அரசியலின் அரிச்சுவடிகூடத் தெரியாதவர் என்று ஒருவரைக் கடிந்துகொள்ளும்போது, எல்லோருக்கும் முதலில் கற்பிக்கப்படுவதைக்கூட அவர் கல்லாமல் விட்டார் என்று பொருள். இங்கே பேசப்படுவது கற்கும் வரிசை. அடிப்படை என்பதில் பேசப்படுவதோ ஒன்றை ஒன்று தாங்கும் வரிசை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லப்போனால் பெரும்பாலும் நேர் எதிராகவே இருக்கின்றன. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது எண்கணிதத்தின் பாலபாடம். அதன் அடிப்படை என்ன என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கியபோது, எண்களுக்கான மெய்க்கோள்களை, அதாவது நிறுவாமல் மெய்யென ஏற்கும் தொடக்கக் கூற்றுகளை, பியானோ என்ற கணித அறிஞர் 1889-இல்தான் வகுத்துத் தந்தார். ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் 1910-இல் முதல் தொகுதியை வெளியிட்ட நூலில், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற முடிவைச் சுட்டும் இடத்துக்கு வந்துசேர முந்நூறு பக்கங்களுக்கும் மேல் தேவைப்பட்டன. ஒரு குழந்தை முதல் வாரத்தில் கற்பது, தருக்கத்தின் வரிசையில் மிகத் தாமதமாக வருகிறது. 'அடிப்படைகளை மட்டும் எளிமையாகச் சொல்கிறேன்' என்று தொடங்கும் அறிமுகங்கள் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. சொல்ல வந்தது தொடக்கநிலைப் பாடம். பெயர் வைத்ததோ அடிப்படை என்று. அடிப்படைகள் எளியவையாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வரும் மாணவர், உண்மையான அடிப்படைகளைச் சந்திக்கும் நாளில் தம் அறிவையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். இந்தச் சொற்குழப்பத்தால் விளையும் தீங்குகளில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

கற்கும் வரிசை, தாங்கும் வரிசை ஆகிய இரண்டையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் பழைய சொல் ஒன்று தமிழில் உண்டு. அது 'முதல்'. தொடக்கம் என்பது அதன் ஒரு பொருள். வணிகத்தில் போடும் பணம் இன்னொரு பொருள், அதிலிருந்துதான் ஆதாயம் பிறக்கிறது. காரணம் என்பது மூன்றாவது பொருள்: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் பிரித்துக் காட்டினார்கள். தலைமை என்பது நான்காவது பொருள். முதல்வர் என்பதில் அது தெரிகிறது. கிரேக்கத்தில் 'ஆர்க்கே' என்ற சொல்லும் தொடக்கம், ஆட்சி என்ற இரண்டு பொருளையும் ஏற்றிருந்தது. இலத்தீனில் அடிப்படைக் கூற்றைக் குறித்த 'பிரின்கிப்பியம்' என்ற சொல்லும் முதலாவது என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. தொடங்கிவைப்பதே ஆள்கிறது என்ற எண்ணம் பல மொழிகளில் தனித்தனியாக வேர்விட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

தமிழ் இலக்கணிகள் இந்தச் சொல்லைத் துல்லியமான கருவியாகவே கையாண்டார்கள். உயிர் 12, மெய் 18 ஆகிய 'முப்பதும் முதலே' என்கிறது நன்னூல். மற்ற எழுத்துகள் இவற்றைச் சார்ந்து பிறப்பதால் சார்பெழுத்துகள் ஆகின்றன. தொல்காப்பியம் சார்ந்து வருவனவாகக் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றை மட்டுமே எண்ணுகிறது. நன்னூல் உயிர்மெய்யையும் அளபெடைகளையும் குறுக்கங்களையும் சேர்த்துப் பத்து வகையாக்குகிறது. சார்ந்தவற்றின் பட்டியல் மூன்றிலிருந்து பத்தாகியது, ஆனால் முதல் முப்பதில் ஒன்றுகூடவும் இல்லை, குறையவும் இல்லை. எது தானே நிற்கிறது, எது இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்விதான் எந்தத் துறையிலும் அடிப்படையைத் தேடுவோரின் கேள்வி. அதை முதல், சார்பு என்ற இரண்டு சிறு சொற்களால் கேட்டு விடையும் சொல்லிவிட்டது நம் இலக்கணம். அகப்பொருளிலும் இதே முறையைக் காணலாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அவற்றில் விளையும் மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள் என்று பிரித்தார்கள்.

'மூலம்' என்பது வேர் என்ற பொருளிலிருந்து வந்தது. உரை எழுந்த நூலின் மூலம், நோயின் மூலம், ஆற்றின் மூலம் என்று பிறப்பிடத்தைக் காட்டுவது அதன் வேலை. வேதியியலில், மேலும் எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாத பொருளை இலங்கைப் பாடநூல்கள் 'மூலகம்' என்கின்றன, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தனிமம்' என்கின்றன. ஒன்று, மற்றப் பொருள்கள் இதிலிருந்து பிறக்கின்றன என்கிறது. மற்றொன்று, இதில் வேறெதுவும் கலக்கவில்லை என்கிறது. ஒரே பொருளின் இரண்டு முகங்கள் இவை.

இதுவரை பார்த்த சொற்கள் எல்லாம் அடிப்படை என்பது பொருளிலேயே இருக்கிறது, நாம் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதுதான் என்ற எண்ணத்தைத் தருபவை. தமிழில் இதற்கு எதிர்த்திசையில் செல்லும் பெரிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அதன் வேர் 'கொள்' என்ற வினை. கொள்கை, கோட்பாடு, எடுகோள், கருதுகோள், மேற்கோள், மெய்க்கோள், அடிக்கோள் ஆகிய அனைத்தும் அதிலிருந்து கிளைத்தவை. கொள்ளப்படுவது எதுவோ அது கோள். கொள்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்த ஒரு வினையடி, அடிப்படைகளைப் பற்றிய அறிவியலின் மிக ஆழமான பாடத்தை இயல்பாகவே தன்னுள் வைத்திருக்கிறது.

அந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் தொகுத்த வடிவியல் நூலின் முதல் பகுதி 23 வரையறைகளோடு தொடங்கி, 5 எடுகோள்களையும் 5 பொதுக் கருத்துகளையும் முன்வைத்து, அவற்றைக் கொண்டு 48 கூற்றுகளை நிறுவுகிறது. முதல் நான்கு எடுகோள்கள் சுருக்கமானவை, ஐந்தாவது நீளமானது. ஒரு நேர்கோடு வேறு இரண்டு நேர்கோடுகளை வெட்டும்போது, ஒரே பக்கத்தில் அமையும் உட்கோணங்கள் இரண்டின் கூடுதல் இரண்டு செங்கோணங்களுக்குக் குறைவாக இருக்குமானால், அந்த இரண்டு கோடுகளையும் நீட்டிச் செல்லும்போது அவை அந்தப் பக்கத்தில் சந்திக்கும் என்பது அதன் உள்ளடக்கம். இத்தனை சொற்கள் தேவைப்படும் ஒன்று, பார்த்த மாத்திரத்தில் விளங்கும் உண்மையாக இருக்க முடியாது, மற்ற நான்கிலிருந்து இதை நிறுவிவிட முடியும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணித அறிஞர்கள் முயன்றார்கள். ஒருவராலும் முடியவில்லை. 1829-இல் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் போயாயும், ஒருவரை ஒருவர் அறியாமலே, அந்த எடுகோளைக் கைவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாலும் உள்முரண் எதுவும் தென்படாத வடிவியல் ஒன்று கிடைக்கிறது என்று காட்டினார்கள். 1854-இல் ரீமன் வளைந்த வெளிகளுக்கான வடிவியலை முன்வைத்தார். 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை விளக்க அந்த வடிவியலையே பயன்படுத்தினார்.

இப்போது தமிழ்ச் சொற்களைப் பாருங்கள். இத்தகைய தொடக்கக் கூற்றுகளை 'வெளிப்படை உண்மை' என்று அழைக்கும் வழக்கும் நம்மிடம் இருக்கிறது, 'எடுகோள்' என்று அழைக்கும் வழக்கும் இருக்கிறது. ஐந்தாம் எடுகோளை வெளிப்படை உண்மை என்று ஒருவர் எழுதினால், அவர் 1829-க்கு முந்தைய நிலையில் நிற்கிறார். அது உண்மையா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. எடுகோள் என்று எழுதினால், இதை எடுத்துக்கொண்டால் இந்த வடிவியல், வேறொன்றை எடுத்துக்கொண்டால் வேறு வடிவியல் என்ற இன்றைய புரிதல் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'மெய்க்கோள்' என்ற சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மெய் என்று கொள்ளப்பட்டது. கணிதத்தில் எழுதுபவர்கள் வெளிப்படை உண்மை என்பதைக் கைவிட்டு மற்ற இரண்டில் ஒன்றைப் பற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. முழுமை பகுதியைவிடப் பெரிது என்ற யூக்ளிடின் பொதுக் கருத்துகூட முடிவிலாக் கணங்களில் வழக்கமான பொருளில் நிற்பதில்லை: இரட்டை எண்கள் இயல் எண்களின் ஒரு பகுதிதான், ஆயினும் இரண்டையும் ஒன்றுக்கொன்றாக இணை சேர்த்துவிட முடியும்.

'கருதுகோள்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் அதன் வேலை வேறு. எடுகோளை எடுத்துக்கொண்டு மேலே கட்டுகிறோம். கருதுகோளை எடுத்துக்கொண்டு சோதனைக்கு அனுப்புகிறோம். சோதனையில் தோற்றால் அது போய்விடும். நாளிதழ்களில் இதற்கு 'அனுமானம்' என்ற சொல் வருவதுண்டு. அது தருக்க நூல்களில் குறியைக் கொண்டு குறிக்கப்பட்டதை அறியும் உறுதியான அளவைக்குப் பெயராக இருந்தது: புகையைக் கண்டு நெருப்பை அறிவது. பேச்சு வழக்கில் அதன் உறுதி போய், குத்துமதிப்பு என்ற பொருள் மட்டும் எஞ்சிவிட்டது. ஆகவே அறிவியல் எழுத்தில் அதைத் தவிர்ப்பதே தெளிவு.

இந்தக் குடும்பத்தில் வியப்பான வரலாறு உடையது 'மேற்கோள்'. இன்று இச்சொல் பிறர் கூற்றை எடுத்தாள்வதை மட்டுமே குறிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் சிவஞானபோதத்தில் 12 நூற்பாக்களின் பொருளும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற மூன்று உறுப்புகளாக விரிக்கப்படுகிறது. அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் நிறுவப்போகும் கூற்று. ஏது அதற்குரிய காரணம். எடுத்துக்காட்டு அதை விளக்குவது. நிறுவ வேண்டிய கூற்றுக்குப் பெயராக இருந்த சொல், பிறர் நிறுவியதாக நாம் நம்பி எடுத்துக்கொள்ளும் வாசகத்துக்குப் பெயராகிவிட்டது. 'தேற்றம்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததோ நன்மை. தெளிவு, உறுதி என்பது அதன் பழைய பொருள். ஏகார இடைச்சொல்லின் பொருள்களைச் சொல்லும்போது தொல்காப்பியம் தேற்றத்தை முதலாவதாக வைக்கிறது. ஐயம் நீங்கித் தெளிந்த நிலை என்ற அந்தப் பொருளே, நிறுவப்பட்டுவிட்டதால் இனி ஐயத்துக்கு இடமில்லாத கணிதக் கூற்றுக்குப் பெயராக வந்து அமர்ந்தது. இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நான் அதிகம் கண்டதில்லை.

'விதி' என்பதில் சிக்கல் வேறு. அதற்குக் கட்டளை, ஒழுங்கு, ஊழ் என்று மூன்று பொருள் உண்டு. சாலை விதியை மீறலாம், மீறினால் தண்டம் கட்டலாம். ஈர்ப்பு விதியை மீற முடியாது. மீறிய ஒரு பொருளைக் கண்டால் பொருளைத் தண்டிக்க மாட்டோம், விதியைத்தான் திருத்துவோம். முதலாவது நடத்தைக்குக் கட்டளை இடுகிறது, இரண்டாவது நடத்தையை விவரிக்கிறது. புணர்ச்சி விதி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: மக்கள் பேசும் முறையைப் பார்த்து எழுதப்பட்டது, பிறகு எழுதுபவர்களுக்குக் கட்டளையாகவும் ஆனது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'இயற்கையின் விதிகளுக்குப் பொருள்கள் கட்டுப்படுகின்றன' என்று எழுதும்போது, எங்கோ ஒருவர் ஆணை பிறப்பித்தது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. எல்லா விதிகளும் ஒரே அளவு பரவியவை என்ற எண்ணமும் தவறு. 1827-இல் ஓம் வெளியிட்ட விதி, உலோகக் கடத்திகளில் வெப்பநிலை மாறாதபோது நன்றாகப் பொருந்துகிறது. டையோடு என்னும் மின்னணு உறுப்பில் அது பொருந்துவதில்லை. இழுத்தால் பொருள் நீளும் அளவைப் பற்றிய ஹூக்கின் விதி மீட்சி எல்லைக்குள் மட்டுமே செல்லும். இவற்றை விதி என்று அழைக்கும்போது எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் மாணவர் பிழைத்துக்கொள்வார்.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் எட்டு வரையறைகளுக்குப் பின் தம் மூன்று கூற்றுகளையும் வைத்த தலைப்பு, 'மெய்க்கோள்கள் அல்லது இயக்க விதிகள்' என்ற பொருள்படுவது. அந்த 'அல்லது' கவனத்துக்குரியது. தம் நூலுக்குள் அவை நிறுவப்படாமல் ஏற்கப்படுபவை, ஆகவே மெய்க்கோள்கள். உலகத்தைப் பொறுத்தவரை அவை பொருள்களின் இயக்கத்தை விவரிப்பவை, ஆகவே விதிகள். ஒரே கூற்றுக்கு இரண்டு பெயரும் பொருந்துகின்றன, ஆனால் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடையாக. எனவே ஒரு கூற்று விதியா மெய்க்கோளா என்று வாதிடுவதற்கு முன், அதை ஒரு நூலின் கட்டமைப்புக்குள் வைத்துப் பார்க்கிறோமா, உலகத்தின் முன் வைத்துப் பார்க்கிறோமா என்று கேட்டுக்கொள்வது உதவும்.

'தத்துவம்' வடமொழியில் 'அதுவாக இருத்தல்', உண்மை இயல்பு என்ற பொருளுடையது. இந்திய மெய்யியல் மரபுகளில் அது உலகம் அமைந்த உறுப்புகளுக்குப் பெயர், எண்ணிக் கணக்கிடத்தக்கது: சாங்கியம் 25 தத்துவங்களைச் சொல்கிறது, சைவ சித்தாந்தம் 36. அந்தப் பொருளிலிருந்து அது மெய்யியல் என்ற துறைக்கே பெயராகிப் பின் பள்ளி இயற்பியலுக்குள்ளும் வந்தது. ஆர்க்கிமிடிஸ் தத்துவம் என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் ஆர்க்கிமிடிஸ் மிதக்கும் பொருள்களைப் பற்றிய தம் நூலில், பாய்மத்தின் இயல்பு பற்றிய ஓர் எடுகோளிலிருந்து அதை நிறுவிக் காட்டினார். ஆகவே அவர் கையில் அது ஒரு தேற்றம். பாய்மத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் தொடர்புபடுத்தும் பெர்னௌலியின் கூற்றைச் சில நூல்கள் தத்துவம் என்கின்றன, சில நூல்கள் தேற்றம் என்கின்றன. ஆற்றல் மாறாக் கருத்திலிருந்து அதை வருவிக்க முடியும் என்பதால் தேற்றம் என்பதே பொருத்தம். நிலைத்துவிட்ட பெயர்களை மாற்றச் சொல்லவில்லை. புதிதாகப் பெயரிடும்போது, நிறுவப்பட்டதைத் தத்துவம் என்று சொல்லி அதன் சான்றை மறைத்துவிட வேண்டாம் என்பதே கேட்பது. 'சித்தாந்தம்' இன்னும் தெளிவாக எதிர்முனையில் நிற்கிறது: சித்தம் என்றால் நிலைநாட்டப்பட்டது, அந்தம் என்றால் முடிவு. மறுப்பாளரின் வாதங்களைக் கேட்டு விடை சொல்லி முடித்த பின் எஞ்சுவதற்குப் பெயர் அது. இன்று அரசியலில் வாதம் தொடங்கும் முன்பே கையில் வைத்திருப்பதைச் சித்தாந்தம் என்கிறார்கள்.

'நூல்', 'சூத்திரம்' ஆகியவற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். இரண்டும் இழை என்ற பொருளுடையவை. மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்று நன்னூல் சொல்கிறது. சூத்திரத்தைக் கண்ணாடியோடு ஒப்பிடும் தொல்காப்பிய வழக்கை நன்னூலும் பின்பற்றுகிறது: சிறிய பரப்பில் பெரிய பொருளைச் செறித்துத் தெளிவாகக் காட்டுவது அது. அதாவது சூத்திரம் என்பது கூற்றின் வடிவத்துக்குப் பெயர், தகுதிக்குப் பெயர் அல்ல. எடுகோளையும் சூத்திரமாக எழுதலாம், தேற்றத்தையும் எழுதலாம். கணிதத்தில் வட்டத்தின் பரப்புக்கு உரிய சூத்திரம் என்பதும் இந்தப் பொருளில்தான் சரியாகிறது. 'இலக்கணம்' என்பதோ மொழிக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. நட்புக்கு இலக்கணம் என்கிறோம், நாடகத்துக்கு இலக்கணம் என்கிறோம். ஒன்றை அதுவாக ஆக்கும் அடையாளங்கள் என்ற அதன் பழைய பொருள் இங்கே வேலை செய்கிறது; இலங்கைத் தமிழ் வரையறையை 'வரைவிலக்கணம்' என்று அழைப்பதும் அதனால்தான். கலைகளின் அடிப்படைகளைப் பேச விதியையோ தத்துவத்தையோவிட இச்சொல் மிக நன்றாகப் பொருந்துகிறது, மீறலுக்கும் அது இடம் விடுகிறது.

எஞ்சியிருப்பது மிகக் கடினமான இணை: கொள்கையும் கோட்பாடும். இரண்டுமே கொள்ளப்பட்டவை. டால்டனின் அணுக்கொள்கை, வாயுக்களின் இயக்கவியற் கொள்கை என்னும்போது கொள்கை என்பது பல நிகழ்வுகளை ஒருங்கே விளக்கும் பெரிய கட்டமைப்பு. வெளியுறவுக் கொள்கை என்னும்போது அது ஓர் அரசின் தேர்வு. கொள்கைப் பிடிப்பு உள்ளவர் என்னும்போது ஒருவரின் ஒழுக்க உறுதி. கோட்பாடும் இப்படியே பிரிகிறது: சார்பியல் கோட்பாடு என்பது விளக்கக் கட்டமைப்பு, ஆனால் அக்கட்டமைப்பு நிற்கும் தனிக்கூற்றையும் 'அடிப்படைக் கோட்பாடு' என்கிறோம். வீட்டையும் அதன் கடைக்காலையும் ஒரே பெயரால் அழைப்பது போன்றது இது. மனிதர்கள் தேர்ந்துகொண்டு நடப்பதற்குக் கொள்கை என்றும், நிகழ்வுகளை விளக்கும் கட்டமைப்புக்குக் கோட்பாடு என்றும் பிரித்துக்கொண்டு, கோட்பாட்டின் உள்ளே இருக்கும் தனிக்கூற்றுகளை அவற்றின் வேலையைப் பார்த்து எடுகோள், விதி, தேற்றம், வரையறை என்று அழைப்பதே எனக்குப் பயன்பட்டுவரும் முறை. அணுக்கொள்கை போன்ற வேரூன்றிய பெயர்களை இதற்கு விலக்காக விட்டுவிடலாம்.

ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடக்கத்தில் இந்தப் பிரிவினை எவ்வளவு தேவையானது என்பது தெரிகிறது. தம்முடைய ஓர் ஊகத்தை எடுகோளின் நிலைக்கு உயர்த்துவதாகவும், அதன் உள்ளடக்கத்தை இனிச் சார்பியல் தத்துவம் என்று அழைக்கப்போவதாகவும் அவர் அங்கே சொல்கிறார். ஊகம், தத்துவம், எடுகோள் என்ற மூன்று படிகளும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன, அவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒவ்வொன்றும் சொல்கிறது. இதைத் தமிழில் 'சார்பியல் கோட்பாட்டின் அடிப்படைக் கோட்பாடுகள் இரண்டு' என்று எழுதினால் அந்தப் படிகள் அனைத்தும் அழிந்துவிடும். அதற்கு மாறாக இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'சிறப்புச் சார்பியல் கோட்பாடு இரண்டு எடுகோள்கள்மேல் நிற்கிறது. ஒன்றுக்கொன்று சீரான வேகத்தில் நேர்கோட்டில் இயங்கும் நோக்கர்கள் அனைவருக்கும் இயற்பியல் விதிகள் ஒரே வடிவில் இருக்கும் என்பது முதலாவது. ஒளியின் வேகம் அதை உமிழும் பொருளின் இயக்கத்தைச் சார்ந்ததன்று என்பது இரண்டாவது. ஒரே நேரத்தில் நிகழ்தல் என்பதற்கு ஐன்ஸ்டைன் தந்த வரையறையோடு இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டால், இயங்கும் கடிகாரம் மெதுவாக ஓடுவதாகக் காணப்படும் என்ற முடிவை வருவிக்கலாம்.' இந்த நான்கு வாக்கியங்களில் கோட்பாடு, எடுகோள், விதி, வரையறை ஆகிய நான்கும் வந்திருக்கின்றன. எந்த ஒன்றையும் மற்றொன்றின் இடத்தில் எடுத்து வைக்க முடியவில்லை.